சித்தி போட்ட வாய்க்கட்டு

அம்மாவால் அடுப்பை ஊத முடியாமல் போனதை முதலில் கண்டவன் நான்தான். மழை மாதம். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய பிறகு பொறுக்கி வரும் மிலாறுதான் எங்களுக்கு விறகு. நனைந்த மிலாறு லேசில் பற்றாது. அம்மா குந்தி உட்கார்ந்து, ஊதுகுழலை உதட்டில் வைத்து, இரண்டு கன்னமும் பணியாரம் மாதிரி உப்ப ஒரு மூச்சு விட்டாளென்றால் தீ எழும்பிவிடும். அன்று கன்னம் உப்பவில்லை. காற்று குழலுக்குள் போகாமல் உதட்டோரத்தில் கசிந்தது. திரும்பத் திரும்ப முயன்றுவிட்டுக் குழலை என்னிடம் நீட்டினாள். நான் ஊதினேன், தீ பிடித்தது. எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அம்மா சந்தையில் பழம் பார்ப்பதுபோலத் தன் கன்னத்தை விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். 

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் தோட்டம் நோர்வூட்டுக்கு மேலே, பஸ் திரும்பிப் போகிற இடத்திலிருந்து இன்னும் ஏற வேண்டும். அப்பாவும் சித்தப்பாவும் கொழும்பில் ஒரே ஹார்ட்வெயார் கடையில் வேலை பார்த்தார்கள். டிசம்பரில் நத்தாருக்கும், பெரிய வெள்ளிக்கும் வருவார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் காம்பராவும் சித்தியின் காம்பராவும் பக்கத்துப் பக்கத்தில். நடுவில் ஒரு சுவர்தான். அம்மாவும் சித்தியும் ஒன்றாகத்தான் கொழுந்தெடுக்க மலைக்குப் போவார்கள். இரண்டு பேருக்கும் ஒரே வெற்றிலைப் பை. குளிருக்கு ஒரு வாய், பசிக்கு ஒரு வாய், காலில் அட்டை ஏறினால் அதன்மேல் துப்ப ஒரு வாய். பாக்கை வெட்டிச் சுண்ணாம்பு தடவி மடித்து அம்மா வாயில் வைப்பது சித்தியின் வேலை. கொழுந்து எடுக்கிற கையை அம்மா நிறுத்தக்கூட மாட்டாள். வாயை மட்டும் திறப்பாள்.

அந்த ஒற்றுமையை எங்கள் கோழி கெடுத்தது. சித்தி லயத்துக்குப் பின்னால் லீக்ஸ் நாற்று நட்டிருந்தாள். எங்கள் கோழி ஒரு பாத்தி முழுவதையும் கிளறிப் போட்டது. ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் பீலியில் குடம் பிடிக்கப் போன இடத்தில் வார்த்தை தடித்தது. அம்மாவின் வாய் சும்மா வாய் இல்லை. கணக்குப்பிள்ளையே அவளிடம் நிறுவைக் குறைத்துச் சொல்லத் தயங்குவார். அன்று அவள் சித்தியின் பிறந்த வீடு வரைக்கும் போய்விட்டு வந்தாள். சித்திக்கு அவ்வளவு பேச வராது. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"பாத்துக்கிட்டே இருங்க. அந்த வாய் ஒரு நாளைக்குத் தெறக்காமப் போகும்."

அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. வெற்றிலைப் பையும் இரண்டானது. அடுப்பு ஊத முடியாமல் போனது அதற்கடுத்த மழையில்.

அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. முதலில் காரம். கட்டச்சம்பல் இல்லாமல் ரொட்டி தின்னாத அம்மா, சம்பலைத் தொட்டதும் கண் கலங்கி எழுந்து போனாள். வாயெல்லாம் நெருப்பாக எரிகிறதென்றாள். பிறகு ரொட்டி துண்டு துண்டாகச் சிறுத்து, கடைசியில் தேத்தண்ணியில் ஊறப்போட்டால்தான் உள்ளே போகும் என்றானது. விழுங்கும்போது காதுக்குள் குத்துகிறதென்று காதைப் பொத்திக்கொள்வாள். பேச்சும் மாறியது. பானைக்குள் தலையை விட்டுப் பேசினால் எப்படி இருக்குமோ அப்படி. நாக்கு மேலே போய்த் தொட வேண்டிய எழுத்தெல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. மலையின் அடுத்த பக்கத்திலிருந்து கூப்பிட்டாலும் எனக்குக் கேட்கிற குரல் அது. இப்போது வாசலில் நின்று கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறாள் என்று நான் பேசாமல் இருந்தேன். பிறகுதான் அது என் பெயரென்று தெரிந்தது.

லயத்தில் பீலிச் சண்டையை யாரும் மறக்கவில்லை. அந்த வார்த்தையை முதலில் யார் சொன்னார்களோ தெரியாது, ஆனால் சீக்கிரமே எல்லோரும் சொன்னார்கள்: வாய்க்கட்டு. மந்திரம் போட்டு ஒருவருடைய வாயைக் கட்டுவது. காட்டுப்பன்றி தோட்டத்துக்குள் வராமல் அதன் வாயைக் கட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மனுசருக்கும் கட்டலாம் என்பது எனக்குப் புதிய செய்தி. கட்டினவள் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள் என்பதுதான் எனக்குப் பொறுக்க முடியாத செய்தி.

அன்றிலிருந்து சித்தி கொடுத்த எதையும் நான் தின்னவில்லை. அவள் வாசலைக் கடக்கும்போது வாயை அகலமாகத் திறந்துகொண்டே போவேன். திறந்திருக்கிற வாயைக் கட்ட முடியாதல்லவா? பள்ளிக்கூடத்திலும் அடிக்கடி வாயைத் திறந்து சரிபார்த்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவன், "ஈ போகுதுடா" என்றான். ஒருநாள் உண்மையிலேயே போனது. நான் இருமிய இருமலில் டீச்சர் என்னை வெளியே அனுப்பினார். வெளியே நின்றும் வாயை மூடவில்லை.

நத்தாருக்கு அப்பா வந்தார். அம்மா பேசியதை இரண்டு முறை கேட்டுவிட்டு வாசலை ஒட்டிய இஸ்தோப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். அப்பா ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாதவர். நத்தார் பூசைக்கும் போனார், நற்கருணையும் வாங்கினார். மறுநாள் வலப்பனைப் பக்கத்திலிருந்து ஒரு மந்திரக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாதா படத்துக்கு முன்னால் ஒரு துண்டைத் தொங்கவிட்டுவிட்டுத்தான் அவரை உள்ளே அழைத்தார்.

அவர் அம்மாவின் வாயைப் பார்க்கக்கூட இல்லை. யாரோடு மனஸ்தாபம் என்று கேட்டார். அப்பாவின் கண் சித்தி பக்கத்துச் சுவருக்குப் போனது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது. எலுமிச்சம்பழம் வெட்டினார், சாம்பிராணி போட்டார். கடைசியில் ஒரு கவுளி வெற்றிலையும் பாக்கும் ஓதிக் கொடுத்தார். பௌர்ணமி வரைக்கும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு வெற்றிலையை முழுப் பாக்கோடு மென்று சாற்றை விழுங்க வேண்டும். எரிந்தால் கட்டு அவிழ்கிறதென்று அர்த்தம்.

லீவு முடிந்து போகும்போது அப்பா என் தலையில் கை வைத்து, அம்மா ஒருநாளும் விடாமல் மெல்கிறாளா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார். எந்த வீட்டுப்பாடத்தையும் நான் அவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை. விடிந்ததும் வெற்றிலையை மடித்து அம்மாவின் கையில் கொடுத்து எதிரில் உட்கார்ந்துவிடுவேன். பல்லிடுக்கில் தள்ளித் தள்ளித்தான் அவளால் உள்ளே வைக்க முடிந்தது. மெல்லும்போதே கண்ணீர் கன்னத்தில் ஓடும். எரிகிறதென்று கையால் காட்டுவாள்.

"எரிஞ்சாத்தான்மா அவுரும்" என்பேன்.

பௌர்ணமி போனது. கட்டு அவிழவில்லை. முன்பு உள்ளே போன கரண்டி இப்போது பல்லில் தட்டி நின்றது. கடைவாய்ப் பல்லுக்குப் பிரஷ் போய்ப் பல நாளாகியிருந்தது. அந்தப் பல் சொத்தையாகி, ஒரு காலையில் தாடை வீங்கி, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் அம்மா துண்டில் துடைத்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் வாயைத் திறக்கச் சொன்னார்கள். திறக்கவில்லை. டவுன் ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகச் சொன்னார்கள். போனில் அப்பா நாளைக்குத்தான் வர முடியும் என்றார். நான் போனை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தபோது, சேலை மாற்றித் தலை வாரிக்கொண்டு வாசலில் சித்தி நின்றாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

"அங்க சிங்களம் பேசணும். நான் வர்றேன்" என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள், அம்மாவைப் பார்க்கவில்லை.

சித்தி கலியாணத்துக்கு முன்பு கண்டியில் ஒரு சிங்கள வீட்டில் வேலைக்கு இருந்தவள். அம்மாவின் வாயிலிருந்து தமிழே வராத நிலையில் சிங்களம் எங்கிருந்து வரும்? பஸ்ஸில் நான் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். வளைவில் அம்மாவின் தலை ஜன்னலில் முட்டப் போனபோது சித்தியின் கை நீண்டது. நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

பல் டாக்டர் இளம் வயது மிஸ். அம்மாவை நாற்காலியில் சாய்த்து, மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டி, அதை வாய்க்குள் வைக்கச் சொன்னார். எல்லோருக்கும் தங்கள் விரல் மூன்று தங்கள் வாயில் போகுமாம். நான் அங்கேயே வைத்துப் பார்த்தேன். எனக்குப் போனது. அம்மாவுக்கு ஒரு விரலே பல்லில் உரசிக்கொண்டு போனது. நாக்கை நீட்டச் சொன்னார். நுனி உதட்டைத் தாண்டவில்லை. கன்னத்தை ஊதச் சொன்னார், ஊதவில்லை. பல்லைப் பிடுங்க வேண்டும், ஆனால் பிடுங்குகிற குறடு உள்ளே போக வழி இல்லை என்றார். வீக்கத்துக்கு ஊசி போட்டார். பிறகு எவ்வளவு நாளாக வெற்றிலை போடுகிறீர்கள் என்று கேட்டார்.

சித்தி அதை அம்மாவிடம் கேட்கவில்லை. தானே பதில் சொன்னாள். டாக்டர் நிறையப் பேசினார். பிறகு சித்தி அம்மாவின் பக்கம் திரும்பி, பீலிச் சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக, அவள் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"கன்னத்துக்குள்ள சதை ரப்பர் மாதிரி இழுபடணுமாம்க்கா. பாக்கு அதத் தழும்பாக்கி, கயிறாத் திரிச்சிருச்சாம். அதான் வாயும் தெறக்கல, நாக்கும் எழும்பல. நாக்கு எழும்பாட்டி முழுங்கவும் முடியாது, பேச்சும் வராதாம்."

கயிறு என்ற சொல்தான் என் காதில் விழுந்தது. டாக்டரே பார்த்துவிட்டார், உள்ளே கயிறு இருக்கிறது! கட்டினவளே பக்கத்தில் நின்று அதை எடுத்துச் சொல்கிறாள். அம்மாவின் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது சித்தி டாக்டரிடம் தணிந்த குரலில் ஒன்று கேட்டாள். பள்ளிக்கூடத்துச் சிங்களத்தில் எனக்குப் பாதிதான் விளங்கியது. மீதியை அவள் குரலிலிருந்து விளங்கிக்கொண்டேன். யாராவது கோபத்தில் வாய்விட்டுச் சொன்னால் இப்படி ஆகுமா என்று கேட்டாள். மாதக்கணக்காகத் தூங்காதவள் கேட்பதுபோல இருந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. ஆகாது என்று தலையாட்டினார். சிவந்திருந்த சித்தியின் உதட்டைப் பார்த்தார். நீங்களும் உட்காருங்கள் என்றார்.

சித்திக்கு இரண்டு விரல் தாராளமாகப் போனது. அம்மாவை விட அவள் எவ்வளவோ மேல் என்று எனக்கே தெரிந்தது. ஆனால் டாக்டர் டார்ச்சை அவள் இடது கன்னத்துக்குள் அடித்துவிட்டு எடுக்கவே இல்லை. இன்னொரு டாக்டரையும் கூப்பிட்டார். அவரும் குனிந்து பார்த்தார். உள்ளே வெள்ளையாக ஒரு திட்டு இருக்கிறதாம். அடுத்த கிழமை வந்தால் ஒரு பொட்டு சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்களாம். இதைச் சித்தி எங்களுக்குத் தமிழில் சொல்லவில்லை. அம்மா அவள் முழங்கையைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் சொன்னாள்.

லயத்தில் செய்தி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. கட்டுப் போட்டவளுக்கே திரும்பிவிட்டது, மந்திரக்காரர் லேசுப்பட்டவர் இல்லை என்றார்கள். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. ஆனாலும் பயம் விடவில்லை. திரும்பியது சரி, அம்மாவின் வாய் ஏன் இன்னும் திறக்கவில்லை?

டாக்டர் கொடுத்தனுப்பிய வைத்தியம் இன்னும் பயமாக இருந்தது. வெற்றிலை பாக்கை இனித் தொடவே கூடாது. அதோடு ஐஸ்கிரீம் குச்சி மாதிரித் தட்டையான குச்சிகள். அவற்றை அடுக்கிப் பல்லுக்கிடையில் செருகி வைத்திருக்க வேண்டும். பழகப் பழக இன்னொன்று சேர்க்க வேண்டும். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து முகம் கழுவியதும் இஸ்தோப்பில் உட்கார்ந்து அம்மா குச்சியைச் செருகிக்கொள்வாள். இன்னொன்றைத் தள்ளும்போது கழுத்து நரம்பு புடைக்கும். கண் நிறைந்து வழியும். நான் உள்ளே ஓடி மாதா படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொள்வேன்.

அடுத்த கிழமை பரிசோதனைக்குச் சதை கொடுத்துவிட்டு வந்த சித்தியும் தன் வாசலில் குச்சியோடு உட்கார்ந்தாள். பிறகு தன் பலகையைத் தூக்கிக்கொண்டு எங்கள் இஸ்தோப்புக்கே வந்துவிட்டாள். இரண்டு பேர் வாயிலும் குச்சி. பேச்சுக்கு வழியே இல்லை. அந்த லயத்தில் அவ்வளவு அமைதியான மாலை அதற்கு முன்பு இருந்ததில்லை. குச்சி முடிந்ததும் முகப் பயிற்சி. கன்னத்தை உப்ப வைக்க வேண்டும், நாக்கை வெளியே நீட்டி மூக்கைத் தொடப் பார்க்க வேண்டும். எதிரெதிரே உட்கார்ந்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்களைப் பார்த்து, சண்டை முற்றி இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டதென்று கடைசிக் காம்பரா ஆச்சி தலையில் அடித்துக்கொண்டு போனார். சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கும் வந்தது. அவளுக்குச் சிரிக்க வாய் போதவில்லை. மூக்கால் சிரித்தாள்.

கொஞ்சம் கொஞ்சமாக அம்மாவின் வாய் இடம் கொடுத்தது. கடைவாய்ப் பல்லை ஆஸ்பத்திரியில் பிடுங்கினார்கள். ரொட்டி மறுபடி ரொட்டியாக உள்ளே போனது. ஒரு மத்தியானம் பீலிப் பக்கமிருந்து என் பெயர் கேட்டது. முழுப் பெயரும், ஒரு எழுத்து வழுக்காமல். நான் பாதையில் நின்று அழுதேன். வாய்க்கட்டு அவிழ்ந்துவிட்டது. சித்தி அவிழ்த்துவிட்டாள் என்றே நினைத்தேன். அவள் வாசலை அன்று வாயை மூடிக்கொண்டு கடந்தேன்.

அதே கிழமையில் சித்தியின் பரிசோதனை முடிவு வந்தது. அவள் தனியாகப் போய் வாங்கிக்கொண்டு வந்தாள். பாதி ஏற்றத்திலேயே அம்மா அவளுக்காகக் காத்திருந்தாள். நான் கூடவே இருந்தேன். சித்தி வந்து கல்லில் உட்கார்ந்தாள்.

"மஹரகமைக்குப் போகச் சொல்றாங்கக்கா" என்றாள்.

அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சித்தி தன் இடது கன்னத்தைத் தொட்டாள். "ஒங்கள அப்புடிச் சொன்ன வாய்தானே" என்றாள்.

"கோவத்துல சொன்னதெல்லாம் பலிச்சா இந்த லயத்துல ஒருத்தரும் மிஞ்ச மாட்டோம் புள்ள" என்றாள் அம்மா. "நீ ஒண்ணும் செய்யல. நாந்தான் ஒன்ன அப்புடி நெனச்சேன்."

மஹரகமை என்றால் புற்றுநோய் ஆஸ்பத்திரி என்று இலங்கையில் பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. அது கொழும்புப் பக்கம், நோர்வூட்டை விட எவ்வளவோ பெரிய டவுன், பெரிய பெரிய கடைகள் இருக்கும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். லயம் முழுக்க ஓடி, எங்கள் சித்தி கொழும்புக்குப் போகிறாள் என்று சொன்னேன். எந்தக் காம்பராவில் சொன்னாலும், அங்கே எங்கே என்று கேட்டார்கள். மஹரகமை என்றதும் பேச்சு நின்றுவிட்டது. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தி புறப்பட்ட காலையில் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் போனோம். சித்தப்பா கொழும்பில் வந்து நிற்பதாக ஏற்பாடு. அம்மா அவித்த கிழங்கை மசித்து, காரம் போடாமல், டப்பாவில் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். இனிமேல் எனக்குச் சித்தியிடம் பயம் இல்லை. அவள் கையைப் பிடித்து இழுத்து, வரும்போது ஒரு பந்து வாங்கிவரச் சொன்னேன். அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

சித்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னிடம், "என்ன கலரு?" என்று கேட்டாள்.

"செவப்பு" என்றேன்.

பஸ் வந்தது. சித்தி ஏறப் போகும்போது அம்மா தன் ஸ்வெட்டரைக் கழற்றி, அவளை நிறுத்தி, கையை நுழைக்கச் சொல்லி, கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுவிட்டாள். எங்கள் மலையில் அன்று நல்ல குளிர். திரும்பி ஏறும்போது அம்மா கைகளைக் கட்டிக்கொண்டு நடுங்கியபடி நடந்தாள். கொழும்புப் பக்கம் வெயில், அங்கே இரவில்கூட வேர்க்கும் என்று எனக்குத் தெரியும். அது அம்மாவுக்கும் தெரியும். அங்கே போகிறவளுக்கு ஸ்வெட்டர் எதற்கென்று அன்றைக்கு எனக்கு விளங்கவே இல்லை.